கோர்ட் சொல்லிருச்சே, அப்புறம் ஏன் டீச்சர் சண்டை?

கேள்வி: கேரளத்தில் வண்டிப்பெரியாறு பக்கம் ஒரு பள்ளியில் தமிழ்வழிப் பிரிவுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு, 38 பிள்ளைகள். பெரும்பாலும் எஸ்டேட் லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) வருகிறவர்கள். ஜனநாயகம் கருத்து வேறுபாடுகளை எப்படித் தீர்க்கிறது என்று புரியவைக்க, கேரளத்தில் இருந்துகொண்டு தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் தரும் முல்லைப் பெரியாறு அணையையே தலைப்பாக வைத்து ஒரு விவாதம் நடத்தினேன். நீர்மட்டத்தை உயர்த்தலாம், கூடாது என்று இரண்டு அணி. பத்து நிமிஷத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிட்டது. ஆற்றங்கரையில் வீடுள்ள ஒரு பையனும், தாத்தா வீடு தேனி மாவட்டக் கூடலூரில் உள்ள ஒரு பையனும் ஒரே பெஞ்சில் இருந்தவர்கள். இப்போது பேசிக்கொள்வதே இல்லை. ஒருவனுடைய அப்பா பள்ளிக்கே வந்து சத்தம் போட்டார். இனி இந்தப் பேச்சே வேண்டாம் என்கிறார் தலைமையாசிரியர். எல்லாவற்றையும்விட, கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டதுதான் மனசை அறுக்கிறது: "கோர்ட் 2014லேயே சொல்லிருச்சே, அப்புறம் ஏன் டீச்சர் இன்னும் சண்டை? ஜனநாயகம் எதைத் தீர்த்துச்சு?" எனக்குப் பதில் வரவில்லை. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

அன்புள்ள டீச்சருக்கு,

நான் கம்பம் பள்ளத்தாக்கில் 31 வருஷம் உயர்நிலைப் பள்ளிகளில் சமூக அறிவியல் எடுத்துவிட்டு, இப்போது ஆசிரியர் பயிற்சி வகுப்புகளுக்குப் போய்வருகிறவன். மலைக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான், நடுவில் அதே அணை. நீங்கள் விழுந்த பள்ளத்தில் உங்களுக்கு முன்னாலேயே விழுந்தவன் நான். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2011 டிசம்பர். அணைச் சண்டையில் குமுளி எல்லை அடைத்துக் கிடந்தது. கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஆயிரக்கணக்கான பேர் எல்லையை நோக்கி நடந்துகொண்டிருந்த நேரம். பள்ளி திறந்திருந்த ஒரு நாளில், பிள்ளைகள் எப்படியும் இதைத்தான் பேசப்போகிறார்கள், வகுப்பிலேயே பேசட்டுமே என்று ஒரு பட்டிமன்றம் வைத்தேன். நானே நடுவர். கேரளத்துக்காகப் பேச யாரும் எழுந்திருக்கவில்லை. இரண்டு பேரைப் பிடித்து நிறுத்தினேன். அவர்களும் சிரித்துக்கொண்டே பேசினார்கள். கடைசியில் நான் எழுந்து தொண்டையைச் செருமிக்கொண்டு, அணை பலமாகத்தான் இருக்கிறது என்று தீர்ப்பு சொன்னேன். கைதட்டல் பக்கத்து வகுப்பு வரைக்கும் கேட்டிருக்கும்.

மூன்றாவது வரிசையில் ஒரு பெண் மட்டும் தட்டவில்லை. அவள் அம்மா தினமும் விடிகாலையில் ஜீப் ஏறி, கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போய், இருட்டின பிறகு திரும்புகிறவர். ஜீப் நின்று பத்து நாளுக்கு மேல் ஆகியிருந்தது. மணி அடித்ததும் அவளைக் கூப்பிட்டு, "நீ எந்தப் பக்கம்மா?" என்று கேட்டேன். "ஜீப் ஓடுற பக்கம் சார்" என்றாள்.

அவள் பக்கத்துக்கு நான் அணியே வைக்கவில்லை. நீங்களும் வைக்கவில்லை என்று நினைக்கிறேன்.

பட்டிமன்றம் நமக்கு ஊறிப்போன விஷயம். பண்டிகை நாளில் டிவியைப் போட்டாலே அதுதான். நானும் ரசிப்பேன். ஆனால் ஜனநாயகம் சொல்லித்தர அதைவிடத் தோதில்லாத கருவி கிடையாது என்பது என் அபிப்பிராயம். அங்கே இரண்டே பக்கம். நடுவர் சொன்னால் முடிந்தது. தோற்ற அணி சிரித்துக்கொண்டே மேடையை விட்டு இறங்கும். ஏன் சிரிக்க முடிகிறது? தோற்றதால் அவர்களுக்கு ஒன்றும் போகப்போவதில்லை. வீட்டுக்குள் தண்ணீர் வராது, ஜீப் நிற்காது. உங்கள் இரண்டு பையன்களுக்கும் அப்படி இல்லை. ஒருவனுக்கு வீடு, இன்னொருவனுக்குத் தாத்தாவின் வயல். அவர்களை எதிரெதிரே நிறுத்தி யார் பலமாகப் பேசுகிறீர்கள் பார்ப்போம் என்றால் வேறென்ன நடக்கும்?

அதனால் என் ஆலோசனை இதுதான். பாடத்தைத் தோற்றவன் இருக்கையிலிருந்து தொடங்குங்கள். ஜெயித்தவனுக்கு ஜனநாயகம் எதற்கு? ராஜா காலத்திலும் ஜெயித்தவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். ஒரு முடிவில் தோற்றவனுக்கு மறுநாள் காலையில் என்ன மிச்சம் இருக்கிறது, எந்தக் கதவைத் தட்டலாம், யார் அவனுக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் என்ற கேள்விகளில்தான் அந்தப் பாடமே இருக்கிறது. கடைசி பெஞ்சுப் பெண்ணுக்கான பதிலும் அங்கேதான் கிடைக்கும். ஆனால் அணையை முதல் நாளே எடுக்கக் கூடாது. சின்னதில் தொடங்க வேண்டும்.

எங்கள் பள்ளியில் ஒரே ஒரு மைதானம். பத்தாம் வகுப்பில் 41 பேர், அதில் பையன்கள் 27, பெண்கள் 14. வாரத்துக்கு ஒரு விளையாட்டுப் பீரியடு. பையன்களுக்குக் கபடி, பெண்களுக்கு எறிபந்து. வோட்டுப் போடுங்கள் என்றேன். கபடி ஜெயித்தது. அடுத்த வாரமும் கபடி. அதற்கடுத்த வாரமும். பெண்கள் புளியமரத்தடியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். நாலாவது வாரம் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "இந்த வகுப்பில் வோட்டு ஒழுங்காகத்தானே நடக்கிறது? அப்புறம் ஏன் 14 பேருக்கு இது நியாயமாகப் படவில்லை?"

பையன்கள் பக்கத்திலிருந்து வந்த முதல் பதில், "அவங்க குறைச்சலா இருக்காங்க, அதுக்கு நாங்க என்ன சார் பண்றது?" இந்தப் பதிலுக்குக் கோபப்படாதீர்கள் டீச்சர். நாட்டில் பெரிய பெரிய ஆட்களே இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதைக் கரும்பலகையில் அப்படியே எழுதிப்போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு கணக்கில் கெட்டிக்காரியான ஒரு பெண் எழுந்து, "வோட்டு வேண்டாம் சார், கணக்குப் போடுங்க. 41-ல 14-ன்னா மூணுல ஒரு பங்கு. மூணு வாரத்துல ஒரு வாரம் எங்களுக்கு" என்றாள். பையன்கள் முனகினார்கள். ஒருவன், "அரையாண்டுப் பரீட்சை வரைக்கும் பார்ப்போம், ஒத்துவரலைன்னா மறுபடி பேசணும்" என்று ஒரு வாசகத்தைச் சேர்த்தான். எனக்கு அந்த வாசகம்தான் ரொம்பப் பிடித்தது. காலக்கெடு வைத்த முடிவு என்பதால்தான் முனகியவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

இன்னொரு பையன், பெண்களுக்கு மைதானமே வேண்டாம், வகுப்பில் கேரம் ஆடட்டும், அதற்கு வோட்டு எடுங்கள் என்றான். அதை நான் வோட்டுக்கே விடவில்லை. ஏன் விடவில்லை என்று அரை மணி நேரம் விளக்கினேன். எத்தனை கை தூக்கினாலும் எடுக்க முடியாத சில விஷயங்கள் இருக்கின்றன, அடிப்படை உரிமை என்று புத்தகத்தில் படிப்பது அதைத்தான் என்றேன். புத்தகத்தில் அந்த அத்தியாயம் அதற்கு முன்பும் இருந்தது. மைதானத்துக்குப் பிறகுதான் அவர்கள் அதைப் படித்தார்கள்.

உங்கள் பள்ளியிலும் இப்படி ஒன்று இருக்கும். மழைக்கு ஒழுகும் மூலையில் யார் உட்காருவது, ஆண்டு விழாவில் எந்தப் பாட்டுக்கு ஆடுவது, இப்படி ஏதாவது. முதல் இரண்டு வாரம் அதோடு போகட்டும்.

அடுத்தது, முடிந்துபோன ஒரு பெரிய சண்டை. அதற்கு நீங்கள் தூரத்தில் தேட வேண்டியதே இல்லை. உங்கள் காலடியிலேயே இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் மொழிவாரி மாநிலங்கள் பிறந்தபோது திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. தமிழர்கள் கேட்ட தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு நின்றன. உங்கள் வண்டிப்பெரியாறு பீர்மேடு தாலுகாதானே? மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழர்கள் போராடியதும், 1954 ஆகஸ்ட் 11-ல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போனதும் இங்கே எல்லோருக்கும் தெரியும். மாநில எல்லைகளைப் பிரிக்க அமைத்த பசல் அலி ஆணையம் மொழிக் கணக்கை மட்டும் பார்த்து எல்லையைப் போட முடியாது என்று சொல்லிவிட்டது. ஆக, உங்கள் பிள்ளைகளின் தாத்தாக்களில் சிலர் அன்றைக்குத் தோற்ற பக்கத்தில் இருந்தவர்கள்.

இப்போது கேளுங்கள்: தோற்றவர்களுக்கு மறுநாள் என்ன மிச்சம் இருந்தது? அதே 1956-ல் அரசியல் சாசனத்தில் ஏழாவது திருத்தம் வந்தது. 350-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது: மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கப் பள்ளியில் தாய்மொழியில் படிக்க மாநிலம் வசதி செய்துதர முயல வேண்டும். 350-பி என்று இன்னொன்று: மொழிச் சிறுபான்மையினரின் பாதுகாப்பைக் கவனிக்கத் தனி அதிகாரி. கோடு போட்டால் இரண்டு பக்கமும் யாராவது சிறுபான்மையாவார்கள் என்று தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். பீர்மேட்டில் தமிழர், விளவங்கோட்டில் மலையாளம் பேசுகிறவர். அப்புறம், 2021-ல் தேவிகுளம் எம்.எல்.ஏ. கேரளச் சட்டமன்றத்தில் தமிழில் பதவியேற்றார். இதைச் சொன்னால் பிள்ளைகளின் முகத்தைப் பாருங்கள். நீங்கள் அந்த வகுப்பில் தமிழில் பாடம் எடுத்துக்கொண்டு நிற்கிறீர்கள் என்பதே அதில் ஒரு சாட்சிதான். எல்லாம் சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பி.எஸ்.சி. பரீட்சை, அலுவலகப் படிவம், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று மொழிக் குறைகள் அவர்கள் வீட்டிலேயே பேசப்படும். அதையும் சொல்லட்டும்.

இவ்வளவுக்கும் பிறகு அணை. அதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறேன். முதல் நாள் பேச்சே கிடையாது, பேப்பர் வெட்டுகிற வேலை மட்டும். தமிழ்ப் பத்திரிகையின் தேனிப் பதிப்பு ஒன்று, அதே நாளின் மலையாளப் பத்திரிகை இடுக்கிப் பதிப்பு ஒன்று. உங்கள் பிள்ளைகள் இரண்டு எழுத்தும் படிப்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மழைக்காலத்தில் நீர்மட்டம் ஏறும்போது தமிழ்த் தலைப்பு பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'நீர்மட்டம் உயர்வு, விவசாயிகள் மகிழ்ச்சி'. மலையாளத்தில்: 'ஜலநிரப்பு உயருன்னு, ஆசங்க' (நீர்மட்டம் உயர்கிறது, அச்சம்). உள்ளே அடி கணக்கைப் பாருங்கள், ஒரே எண்ணாக இருக்கும். அளவுகோலில் சண்டையே இல்லை. ஒரே எண் இங்கே மகிழ்ச்சி, அங்கே ஆசங்க. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டிச் சுவரில் மாட்டுங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம்.

மறுநாள், கேட்பது என்ன, வேண்டுவது என்ன என்று பிரிக்கச் சொல்லுங்கள். தமிழ்நாடு கேட்பது 152 அடி நீர்மட்டம். கேரளம் கேட்பது புது அணை. அது வெளியே தெரிவது. கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு வழக்கமாக ஜூன் 1-ல் தண்ணீர் திறப்பார்கள். அன்றைக்குத்தான் உங்கள் பள்ளியும் திறக்கும், இல்லையா? தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் என்று அந்தத் தண்ணீரை நம்பி ஐந்து மாவட்டம். இவர்களுக்கு வேண்டியது நம்பி நாற்று விடக்கூடிய ஒரு தேதி. அந்தப் பக்கம் வேண்டியது என்ன? இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் உங்களைப் போல ஒரு டீச்சர். குமுளியில் ஒரு கூட்டத்தில் பார்த்தேன். வீடு சப்பாத்துப் பக்கம், ஆற்றை ஒட்டி. "ஜூன் பிறந்தா ரேஷன் கார்டு, ஆதார், பசங்க சர்டிபிகேட் எல்லாத்தையும் ஒரு பிளாஸ்டிக் கவர்ல போட்டு வாசக்கதவுப் பக்கத்து ஆணியில மாட்டிருவேன் சார். டிசம்பர்ல தான் எடுப்பேன்" என்றார். அத்தனை வருஷம் அந்த அணையைப் பற்றி வகுப்பில் பேசியவன் நான். அந்த ஆணி எனக்குத் தெரியாது.

அதனால் மூன்றாம் நாள் ஒரே ஒரு விதியோடு பேசவிடுங்கள். உன் கருத்தைச் சொல்வதற்கு முன்னால், எதிரே இருப்பவன் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அவன் "ஆமா, அதான் நான் சொன்னது" என்று தலையாட்டிய பிறகுதான் உன் முறை. கேட்க லேசாக இருக்கும். செய்து பாருங்கள், பத்து நிமிஷத்தில் வேர்த்துவிடும். பாதிப் பேர் எதிராளி சொன்னதையே கேட்டிருக்க மாட்டார்கள், பதில் யோசித்துக்கொண்டிருந்திருப்பார்கள்.

இதெல்லாம் ஆன பிறகு அந்தப் பெண்ணின் கேள்விக்கு வாருங்கள். கரும்பலகையில் இடமிருந்து வலமாக ஒரு கோடு. ஒவ்வொரு வருஷத்தின் கீழும் யார் தோற்றார்கள், அடுத்து எந்தக் கதவைத் தட்டினார்கள் என்று எழுதச் சொல்லுங்கள்.

1886-ல் திருவிதாங்கூர் மகாராஜாவுக்கும் பிரிட்டிஷ் அரசுக்கும் ஒப்பந்தம். 999 வருஷக் குத்தகை, 8,000 ஏக்கர், ஏக்கருக்கு 5 ரூபாய். உங்கள் பிள்ளைகளின் முன்னோரிடமும் யாரும் கேட்கவில்லை, என் முன்னோரிடமும் கேட்கவில்லை. அந்தக் காகிதத்தில் மக்கள் என்று ஒரு தரப்பே கிடையாது. (1895-ல் அணையை முடித்த பென்னிகுவிக்கை இங்கே நாங்கள் சாமியாகக் கும்பிடுகிறோம். ஜனவரி 15-ல் அவர் பிறந்தநாளுக்குப் பொங்கல் வைக்கிறோம். எனக்கும் அதில் பங்கு உண்டு. அதை மறைத்துக்கொண்டு உங்களுக்கு ஆலோசனை சொல்லக் கூடாது.) 1970-ல் அதே ஒப்பந்தத்தை இரண்டு மாநில அரசுகள் உட்கார்ந்து திருத்தின. குத்தகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது, மீன்பிடி உரிமை கேரளத்துக்கு, மின்சாரம் எடுக்கும் உரிமை தமிழ்நாட்டுக்கு. 1886-ஐயும் 1970-ஐயும் பக்கத்தில் வைத்தாலே பாதிப் பாடம் முடிந்தது.

1979-ல் அணை பற்றிய பயம் கிளம்பி, நீர்மட்டம் 136 அடிக்கு இறங்கியது. பலப்படுத்தும் வேலைகள் நடந்தன. 2006 பிப்ரவரி 27-ல் உச்ச நீதிமன்றம் 142 அடி வரை தேக்கலாம் என்றது. கேரளம் தோற்றது. அடுத்த மாதமே கேரளச் சட்டமன்றம் 136 அடிதான் என்று சட்டம் போட்டது. இப்போது தமிழ்நாடு தோற்றது. தமிழ்நாடு சாசனத்தின் 131-வது பிரிவின்படி நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போனது. ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்தின் மேல் வழக்குப் போட அந்தப் பிரிவுதான் வாசல். 2010-ல் முன்னாள் தலைமை நீதிபதி ஏ.எஸ். ஆனந்த் தலைமையில் ஒரு குழு அமைந்தது. இரண்டு மாநிலமும் சொன்ன ஆட்களும் அதில் இருந்தார்கள். 2014 மே 7-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு 142 அடியை உறுதி செய்து, கேரளத்தின் சட்டத்தை ரத்து செய்தது. ஒரு தீர்ப்பை, சட்டமன்றம் சட்டம் போட்டுத் துடைத்துவிட முடியாது என்பது காரணம். இந்த இடத்தில் நிறுத்தி ஒரு கேள்வி கேளுங்கள்: மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றம் போட்ட சட்டத்தை, யாரும் வோட்டுப் போடாத ஐந்து பேர் ரத்து செய்யலாமா? பெண்களுக்கு மைதானம் வேண்டாம், கேரம் போதும் என்ற என் பையனின் கதையை அவர்களுக்குச் சொல்லியிருந்தால், அதை ஞாபகம் வைத்திருக்கிறவர்கள் நன்றாகப் பேசுவார்கள். இல்லாதவர்களும் பேசட்டும். இதற்கு ஒரே பதில் கிடையாது.

அந்தத் தீர்ப்போடு முடிந்துவிட்டதா என்றால், தீர்ப்புக்குள்ளேயே தோற்றவருக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அப்போது அமைத்த மேற்பார்வைக் குழுவில் மூன்று பேர்: மத்திய அரசின் ஆள் ஒருவர், தமிழ்நாட்டிலிருந்து ஒருவர், கேரளத்திலிருந்து ஒருவர். குழுவினர் போய் மதகைப் பார்க்கிறார்கள், அணைக்குள் இருக்கும் சுரங்கப் பாதையான கேலரியில் கசிவுநீரை அளக்கிறார்கள். சில தடவை ஒத்துப்போகிறார்கள், சில தடவை முறைத்துக்கொண்டு வருகிறார்கள். கேரளம் மறுஆய்வு மனு போட்டது, அது தள்ளுபடியானது. 2018 வெள்ளத்தில் மறுபடி கோர்ட். அப்போது ஆகஸ்ட் கடைசி வரை 139.99 அடியில் வைக்கச் சொன்னார்கள். 140-க்கு ஒரு அடியில் நூறில் ஒரு பங்கு குறைவு! அந்த எண்ணைக் கரும்பலகையில் பெரிதாக எழுதுங்கள். இரண்டு பக்கப் பயத்தையும் அவ்வளவு நெருக்கமாக நிறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. 2021 டிசம்பரில் ராத்திரியில் ஷட்டர் திறந்து வண்டிப்பெரியாற்றில் வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது. கேரளம் மறுபடி உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. உங்கள் பிள்ளைகளில் சிலர் அந்த ராத்திரி முழித்துக்கொண்டிருந்தவர்களாக இருப்பார்கள். அவர்களைப் பேசச் சொல்லாதீர்கள். பேச வந்தால் தடுக்காதீர்கள். அதே மாதம் நாடாளுமன்றத்தில் அணைப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2022-ல் மேற்பார்வைக் குழுவில் இரண்டு மாநிலத்திலிருந்தும் ஒவ்வொரு தொழில்நுட்ப வல்லுநரைச் சேர்க்கச் சொன்னது கோர்ட்.

இப்போது அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லலாம்: "நீ கேட்டது சரிதான். சண்டை தீரவில்லை. கோர்ட் ஒரு எண்ணைத்தான் முடிவு செய்தது, யாருடைய பயத்தையும் முடிவு செய்யவில்லை. ஆனால் இந்தக் கோட்டைப் பார். ஒவ்வொரு தடவையும் தோற்றவர் எங்கே போனார்?" அவளே எண்ணிப் பார்க்கட்டும். சட்டமன்றம், நீதிமன்றம், குழு, மறுஆய்வு, நாடாளுமன்றம். அப்புறம் 2011 டிசம்பரையும் அதே கோட்டில் குறிக்கச் சொல்லுங்கள், விட்டுவிடாதீர்கள். அப்போது கதவைத் தட்டவில்லை, ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டோம். அந்த மாதம் தோட்டத்தில் கூலி இழந்தவர்கள், கடை இழந்தவர்கள், மூட்டையைத் தூக்கிக்கொண்டு மலை இறங்கியவர்கள் யாருக்கும் அணையின் உயரத்தைத் தீர்மானிக்கும் அதிகாரம் இருந்ததில்லை. வாரக் கணக்கில் நடந்த அந்த ரகளையால் நீர்மட்டம் ஒரு அங்குலம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

இதில் அவள் திருப்திப்படாமல், "ரொம்ப லேட்டாகுதே டீச்சர்" என்று சொன்னால் ஒத்துக்கொள்ளுங்கள். ஆகிறதுதான். 2006-ல் போட்ட வழக்குக்கு 2014-ல் தீர்ப்பு. எட்டு மழைக்காலம் அந்தக் கவர் ஆணியில் தொங்கியிருக்கிறது.

"நீங்க எந்தப் பக்கம்?" என்று கட்டாயம் கேட்பார்கள். மறைக்க வேண்டாம், ஆனால் எல்லாம் முடிந்த பிறகு சொல்லுங்கள். முதலிலேயே சொன்னால் மார்க்குக்குப் பயந்து முழு வகுப்பும் உங்கள் பக்கம் வந்துவிடும். நான் அன்றைக்குச் செய்தது அதுதான்.

முடிந்தால் ஒரு தடவை கிராமசபைக்குக் கூட்டிப் போய்ப் பின்னால் உட்காரவையுங்கள். உங்கள் ஊரில் வார்டுக்கு ஒரு கிராமசபை. எங்கள் பக்கம் ஊராட்சி முழுக்கச் சேர்த்து ஒன்று. அந்த வகையில் உங்கள் பிள்ளைகளுக்குப் பக்கத்து வீட்டு ஆளே எழுந்து பேசுவதைப் பார்க்க முடியும். வீட்டுத் திட்டப் பட்டியலில் பெயர் விட்டுப்போன ஒரு அம்மா எழுந்து, "ஏன் என் பேர் இல்ல?" என்று கேட்பதையும், மெம்பர் தடுமாறிக்கொண்டு காரணம் சொல்வதையும் ஒரு தடவை பார்த்தால் போதும்.

தலைமையாசிரியர் மேல் வருத்தப்படாதீர்கள். நாளைக்கு இன்னொரு அப்பா வந்து சத்தம் போட்டால் அந்த நாற்காலியில் இருப்பவர் அவர்தான். விவாதம் நடத்தப்போகிறேன் என்று கேட்டால் மறுபடியும் வேண்டாம் என்றுதான் சொல்வார். பத்திரிகைச் செய்தி ஒப்பிடும் செயல்பாடு என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். எத்தனை பீரியடு, என்ன விதி, நீங்கள் தீர்ப்பு சொல்லப்போவதில்லை என்பது எல்லாம் அதில் இருக்கட்டும். முதல் நாள் அவரையே பின் பெஞ்சில் வந்து உட்காரச் சொல்லுங்கள். சத்தம் போட்ட அப்பாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். வர மாட்டார், ஆனால் கூப்பிட்டீர்கள் என்பது அவருக்கு நினைவிருக்கும்.

அந்த இரண்டு பையன்களையும் கைகுலுக்கச் சொல்லி எல்லார் முன்னாலும் நிறுத்திவிடாதீர்கள். அந்த வயசில் அதைவிட அவமானம் இல்லை. பேப்பர் வெட்டி ஒட்டும் வேலையை அவர்கள் இருவரிடமும் விடுங்கள், தமிழ்ப் பத்திரிகை ஆற்றங்கரைப் பையனிடம், மலையாளப் பத்திரிகை கூடலூர்ப் பேரனிடம். கத்தரிக்கோல் மட்டும் ஒன்றே ஒன்று கொடுங்கள்.